ஒரு அடி ஒன்றரை அங்குலம்

மூன்று அறைகளையும் நான்கு சுவர்களையும் கூட்டிப் பார்த்ததில் வீட்டுக்குள் ஒரு அடி ஒன்றரை அங்குலம் குறைந்தது. அமலோற்பவம் முதலில் கூட்டலைத்தான் சந்தேகப்பட்டாள். பத்தொன்பது வருடம் பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் நடத்தியவளுக்கு நாலு எண்ணைக் கூட்டத் தெரியாமலா போகும் என்று யாராவது கேட்டால், போகும் என்றுதான் சொல்லியிருப்பாள். கரும்பலகைக்கு முன்னால் நின்று போடுகிற கணக்கு வேறு. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு நடு அறையில், அவர் மனைவி இவளுக்காகவே புதிதாக விரித்துப்போட்ட கட்டில் விரிப்பின் ஓரத்தில் தாளை வைத்துக்கொண்டு, மின்விசிறி அதைப் பறிக்கப் பறிக்கப் பிடித்துக்கொண்டு போடுகிற கணக்கு வேறு. வெளியே வடக்குப் பக்கம் டேப் பிடித்து அளந்தது நாற்பத்தொன்றரை அடி. அதில் சந்தேகமில்லை, டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் தவசிமுத்துவே குனிந்து பிடித்திருந்தார். உள்ளே வரிசையாக மூன்று அறைகள். கூடம் பதின்மூன்று அடி ஏழரை அங்குலம், இந்த நடு அறை பன்னிரண்டு அடி ஒன்றரை, சமையலறை பதினோரு அடி ஏழரை. சுவர் நான்கு, ஒவ்வொன்றும் முக்கால் அடி, ஆக மூன்று அடி. அறைகளையும் சுவர்களையும் சேர்த்தால் வெளியே அளந்தது வரவேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். வந்தது நாற்பது அடி நாலரை அங்குலம். இரண்டாம் முறை கூட்டினாள். மூன்றாம் முறை கீழிருந்து மேலாகக் கூட்டினாள், அப்படிக் கூட்டினால் எண்கள் ஏமாந்துபோய் உண்மையைச் சொல்லிவிடும் என்பதைப் போல. அதே நாற்பது அடி நாலரை.

தனியாக வந்திருக்கும் முதல் வீடு இது. மூத்த மதிப்பீட்டாளர் கிருபாகரன் சாரின் பின்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு பதினோரு வீடுகளுக்குப் போயிருக்கிறாள்; அங்கெல்லாம் அளந்ததும் தட்டிப்பார்த்ததும் அவர், எழுதிக்கொண்டதுதான் இவள். இன்று காலை அவர் போன் செய்து, "நீங்களே போயிட்டு வந்துருங்க, நீங்களே கையெழுத்தும் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள வங்கிக்கு அனுப்பணும், மறந்துறாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். திண்டுக்கல் புறநகரில், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் தரைத்தள வீடு. மாடியில் ஓர் அறை எடுக்கக் கடன் கேட்டிருக்கிறார். வீட்டின் மதிப்பை இவள் எழுதிக் கையெழுத்திட்டால்தான் வங்கி அசையும். அறிக்கை சுத்தமாக இருந்தால்தான் அடுத்த வீட்டுக்கு இவளைக் கூப்பிடும். அடுத்த வீடு இல்லையென்றால் இவளுக்கு வேறு என்ன இருக்கிறது? கல்லூரியில் போன வருடம் கட்டடவியலில் சேர்ந்தவர்கள் இரண்டே இரண்டு பேர். இரண்டு பேருக்கு எதற்குத் துறை என்று இழுத்து மூடிவிட்டார்கள். அந்த இருவரையும் வேறு துறைக்கு அனுப்பிவிட்டு, காலி வகுப்பில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. பலகையில் முந்தைய நாள் அவள் எழுதியது அழியாமல் இருந்தது: 'சுவரின் நீளம் நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.' பத்தொன்பது வருடமும் வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். உத்தரம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மண் கெட்டியானது என்று வைத்துக்கொள்வோம், காற்று அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பெரிய வசதி அது! சுவர் எத்தனை அடி என்று சுவரிடமே போய்க் கேட்கவேண்டிய நிலைமை ஒருநாளும் வந்ததில்லை. நாற்பத்தாறாவது வயதில் மறுபடி பாடம் படித்து, கணினி முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதி, மதிப்பீட்டாளர் என்று ஒரு பதிவு எண் வாங்கி, இதோ சுவரின் முன்னால் நிற்கிறாள். வைத்துக்கொள்வதற்கு இங்கே ஒன்றுமில்லை. இருப்பதைத்தான் எழுதவேண்டும்.

இருப்பது எப்பேர்ப்பட்டது என்பது அவளுக்கு இந்த மூன்று மாதமாகத்தான் தெரியும். முதல் வீட்டுக்குள் கால் வைத்தபோது சர்ச்சுக்குள் நுழைவதைப் போல முந்தானையைத் தலைக்கு இழுக்கப் போன கையை அவளே பிடித்து நிறுத்தினாள், கிருபாகரன் சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கட்டும். சொந்தக்காரனைக்கூடக் கூடத்தோடு நிறுத்துகிற ஜனங்கள், ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறாள் என்பதற்காக இவளைப் படுக்கையறைவரை அழைத்துப்போய் விளக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள். பரண்மேல் இருக்கும் பழைய தொட்டில் கம்பி, ஜன்னல் திண்டில் வரிசையாக நிற்கும் மாத்திரை டப்பாக்கள், கதவு நிலையில் பென்சிலால் கோடு கோடாகக் குறித்த ஏதோ பிள்ளையின் உயரம், எல்லாம் கண்ணில் படுகிறது. பார்க்காதது மாதிரி கூரையைப் பார்க்கவேண்டும். கூரையையும் சும்மா பார்க்க முடிகிறதா? இந்த நடு அறையின் கூரை இருபத்திரண்டு வருடமாக இத்தனை டன் எடையைப் பிடித்துக்கொண்டு, கீழே படுத்திருப்பவர்கள் ஒருநாளும் அண்ணாந்து பார்த்து நன்றி சொல்லாமலேயே சும்மா நிற்கிறது. எத்தனை தடவை படம் வரைந்து அம்புக்குறி போட்டிருப்பாள், எடை இப்படி இறங்கும், சுவர் இப்படி வாங்கிக்கொள்ளும் என்று. அந்த அம்புக்குறிகள் நிஜமாகவே, இப்போது, இந்த நிமிடம், தன்னைச் சுற்றி இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஓர் அடி எங்கே போகும்? வாசல் நிலையில் சுவரின் தடிமனைப் பார்த்தாள், முக்கால் அடி. இரண்டாவது நிலை, முக்கால் அடி. மூன்றாவது, முக்கால் அடி. கிழக்குக் கோடியில் சமையலறை ஜன்னல், அங்கேயும் முக்கால் அடிதான். ஒரு சுவராவது கொஞ்சம் தடித்திருக்கக் கூடாதா என்று மனசு ஏங்கியது. கையால் தட்டிப்பார்த்தாள். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி, நான் சுவர்தான் என்றது. வெளியே இருக்கிறது, உள்ளே இல்லை. வெளியே நாற்பத்தொன்றரை அடியாக நிற்கிற வீடு உள்ளே வந்தால் நாற்பது சொச்சமாகிவிடுகிறது. பயமாகவும் இருந்தது, கைகூப்பவேண்டும் போலவும் இருந்தது.

விட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கட்டடப் பரப்பு வெளி அளவில்தான் போடவேண்டும், உள் அளவு வங்கிக்குத் தேவையே இல்லை, அதைக் கூட்டிச் சரிபார்ப்பது கிருபாகரன் சாருக்கே இல்லாத பழக்கம். நாற்பத்தொன்றரை என்று எழுதி, அகலத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டீ வந்து ஆறிக்கொண்டுதான் இருந்தது. கொண்டுவந்து வைத்தது தவசிமுத்துவின் மனைவி நாகஜோதி. வைத்துவிட்டு, "குடிம்மா, சீனி பத்தலைன்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தவசிமுத்து மட்டும் நிலையில் சாய்ந்தபடி நகராமல் நின்றார். அறுபதைத் தாண்டிய ஆள், ஒல்லி, இன்னமும் ஓடுகிற பஸ்ஸில் நிற்பவர் போலக் காலை அகட்டி நின்றார். ஒரு பக்கம் எழுதிவிடு என்றது, இன்னொரு பக்கம் அந்த ஓர் அடி காலைப் பிடித்து இழுத்தது. தெரியாமல் விட்டால் பிழை, தெரிந்து விட்டால்? இந்த வீட்டில் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, இந்த வீடு இன்னது என்று நான் கையெழுத்துப் போடுவதா? அப்புறம் அடுத்த வீட்டில் என்ன போடுவேன், வைத்துக்கொள்வோம் என்றா?

"என்ன மேடம், ஒத்துவரலையா?" என்றார் தவசிமுத்து.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். இன்னொருவாட்டி பாத்துக்கிறேன்."

"இருபத்தெட்டு வருசம் வண்டில நின்னவன் மேடம் நானு. டிக்கெட் எடுக்காதவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்க மூஞ்சி இப்ப அப்படித்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்கிற பத்தொன்பது வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "உள்ள ஒரு அடி குறையுது சார். ஒரு அடி ஒன்றரை அங்குலம்" என்றாள்.

தவசிமுத்துவின் சிரிப்பு போய்விட்டது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். "ஒரு அடி ஒன்றரை அங்குலம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்து, "ஏய், கேட்டியா? கேட்டியாடி? பேங்க்கு மேடம் சொல்றாங்க, ஒரு அடி குறையுதாம்!" என்றார். நாகஜோதி ஈரக் கையோடு ஓடிவந்து, "ஐயோ, இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள். அமலோற்பவத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் அவளுக்காகச் சொன்ன மாதிரி இல்லை. "இந்த வீட்டயும் பக்கத்து வீட்டயும் ஒண்ணாத்தான் கட்டுனோம் மேடம். அது எங்க அண்ணன் வெள்ளைச்சாமி வீடு. நான் அப்ப ராத்திரி வண்டி, பகல்ல தூங்குனாத்தான் உண்டு. கூட நின்னு கட்டுனது பூராம் அவருதான். குடிவந்த அன்னைக்கே எனக்குப் பட்டுச்சு, நம்ம வீடு என்னமோ சின்னதா இருக்கேன்னு. எங் கல்லு ரெண்டு லோடு அங்கிட்டுப் போயிருச்சுன்னு கேட்டுட்டேன். டேப்ப எடுத்து எம் மூஞ்சில எறிஞ்சாரு, அளந்து பாருடான்னு. நான் அளக்கல மேடம். கூடப் பொறந்தவன டேப்பு வச்சு அளந்தா அப்பறம் என்ன இருக்குன்னு விட்டுட்டேன். பேச்சு அன்னைக்கு நின்னது. இருபத்திரண்டு வருசம். எம் மக கல்யாணத்துக்கு அவரு வரல, அவரு மகன் கல்யாணத்துக்கு நாங்க போகல. ஊர்ல அம்புட்டுப் பேரும் என்னையத்தான் ஏசுனாங்க, சந்தேகப்பிராணின்னு. இப்ப என்ன சொல்றாங்கன்னு பாப்போம்." சொல்லி முடிக்கும்போது அவர் கொல்லைப்புறத்தில் இருந்தார். நாகஜோதி பின்னாலேயே போனாள்.

நடு அறையில் அமலோற்பவமும் மின்விசிறியும் மட்டும் மிஞ்சினார்கள். என்ன சொல்லிவிட்டேன்? ஒரு எண். எத்தனை ஆயிரம் எண்கள் சொல்லியிருப்பேன் வாழ்நாளில், ஒன்றாவது எழுந்து நடந்ததுண்டா? பலகையில் எழுதுவாள், பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், மணி அடித்ததும் துடைத்துவிட்டுப் போவாள். இந்த எண்ணோ வாயைவிட்டு வந்த அரை நிமிடத்தில் ஒரு மனுஷனைக் கொல்லைக்குத் துரத்திக்கொண்டு போகிறது. வெள்ளைச்சாமி என்கிற அந்த முகம் தெரியாத மனிதர் இப்போது பக்கத்து வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்? பேப்பர் படிப்பார். சாம்பாருக்கு உப்புப் பார்ப்பார். அவர்மேல் வந்து விழப்போகிறது என் ஒரு அடி ஒன்றரை அங்குலம். அது உண்மையா? உண்மைதானே, அளந்தேனே. எதை வைத்து அளந்தேன்? டேப்பால் வெளியே அளந்தேன், வெயிலில் லேசரின் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது என்பதால். உள்ளே லேசரால் அளந்தேன். கருவியின் முதுகைச் சுவரில் ஒட்டவைத்துப் பொத்தானை அமுக்கினால் புள்ளி எதிர்ச்சுவரில் விழும், எண் வரும், மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம். புதிதாக வாங்கிய பெருமையில் காலையில் கர்ச்சீப்பால் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தது. வெளியே ஒரு கருவி, உள்ளே ஒரு கருவி. பிடிக்க ஆளில்லாமல் டேப்பால் ஒற்றைக் கையோடு அளக்கக்கூடியது அந்த அறையில் கதவு நிலை ஒன்றுதான். நீட்டினாள்: மூன்று அடி, முடி பிசகாமல். அதே இடத்தில் லேசரை ஒட்டிப் பொத்தானை அமுக்கினாள்: இரண்டு அடி ஏழரை அங்குலம். நாலரை அங்குலம் குறைவு. லேசரின் மேல் டேப்பை வைத்தாள். கருவியின் நீளம் நாலரை அங்குலம். திரையின் மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு படம் இருக்கும். முதுகிலிருந்து கணக்கிடவா, மூக்கிலிருந்து கணக்கிடவா என்பதைக் காட்டுகிற படம். துடைத்தபோது எந்தப் பொத்தானில் விரல் பட்டதோ, அது மூக்குக்கு மாறியிருந்தது. மூன்று அறை, மூன்று முறை, மூன்று நாலரை. வீட்டில் ஒன்றும் குறையவில்லை. அவள் கையிலிருந்த கருவி ஒவ்வொரு அறையிலும் தன்னையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது. அந்த நிமிடத்தில் வெட்கம்தான் முதலில் வரவேண்டும், வரவில்லை. மலைப்பு வந்தது. எறும்பு அளவு படம் ஒன்று திரும்பி நின்றதற்கு இரண்டு வீடுகள் இடியப் போகின்றன. அப்புறம்தான் கால் ஓடியது.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றிருந்தார் தவசிமுத்து. கை இரண்டும் மதில் விளிம்பில், தலை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபடி, வாய் திறந்தபடி. சத்தம் ஒன்றும் வரவில்லை. தாமதமாக வந்துவிட்டோமோ, எல்லாம் கத்தி முடித்துவிட்டாரோ என்று அமலோற்பவம் பயந்தாள். நாகஜோதி கீழே வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கூப்பிடலம்மா. என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னு நிக்கிறாக" என்று கிசுகிசுத்தாள். மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடமுடியாது. முறை சொல்லிக் கூப்பிடவோ மனசில்லை. இருபத்திரண்டு வருடக் கோபமும் ஒரு முறைச்சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்க, மனிதர் மதிலைப் பிடித்தபடி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"சார், இறங்கிருங்க. தப்பு எங்கிட்ட இருக்கு" என்றாள் அமலோற்பவம்.

அவர் திரும்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல், முதலாமாண்டுப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாக. கருவியை நீட்டி அந்த எறும்புப் படத்தைக் காட்டினாள். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறையாவது பிள்ளைகள் முன்னால் நான் போட்டது தப்பு என்று சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டே கல்லைவிட்டு இறங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் சொன்னது வேறு. "இன்னொருவாட்டி அளங்க மேடம். நான் பிடிக்கிறேன், டேப்புலயே அளங்க." அவர் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, குறையவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற கண். கூடத்தில் குனிந்து சுவரோடு சுவராக டேப்பைப் பிடித்தார். பதினான்கு அடி. நடு அறைக்குக் கட்டிலை அவரே இழுத்துப்போட்டார். பன்னிரண்டரை. சமையலறை, பன்னிரண்டு. அவள் கூட்டவில்லை, தாளை அவரிடம் கொடுத்தாள். அவர் உதடு அசையக் கூட்டினார், சுவர் மூன்றடியைச் சேர்த்தார், நாற்பத்தொன்றரை வந்தது. "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவை அளந்தார்கள். மூன்றாம் தடவை அவள் மறுமுனையைப் பிடித்தாள், அவர் எண்ணைப் படித்தார். வீடு ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னது. கோபப்படாமல், சலிக்காமல், இருபத்திரண்டு வருடமாக யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கக்கூடிய அதே பதிலை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அமலோற்பவத்துக்கு அந்தச் சுவரின்மேல் நெற்றியை வைத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

"முழுசா இருக்கு" என்றார் தவசிமுத்து. டேப்பை விட்டுவிட்டார், அது சரசரவென்று ஓடி அவள் கைக்குள் சுருண்டது. "அப்ப இருபத்திரண்டு வருசமா..." என்று ஆரம்பித்தவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நாகஜோதி அவர் பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. இத்தனை நாள் அவரை நிமிர்ந்து உட்காரவைத்திருந்தது அந்த ஓர் அடிதான் போலும். கொடுத்த அதே கையால் நான்தான் அதைப் பிடுங்கிக்கொண்டேன் என்று அமலோற்பவம் நினைத்தாள். போய்விடலாமா? ஆனால் படிவத்தில் இன்னும் நிரப்பாத பகுதி ஒன்று இருந்தது, நான்கு எல்லை. தலையைக் குனிந்துகொண்டு அதை எடுத்தாள். இதுவும் பாடத்தில் படித்ததுதான், ஆனால் இப்போது எழுத்துக்கு எழுத்து கண்ணைக் குத்தியது. ஒரு மனையை இன்னதென்று சொல்ல அந்த மனையில் இருப்பது எதுவும் போதாது. சுற்றி யார் இருக்கிறார்கள் என்று சொன்னால்தான் அது அந்த மனை. தவசிமுத்துவின் வீடு எது என்று அரசாங்கம் கேட்டால் வெள்ளைச்சாமியின் வீட்டைக் கைகாட்டித்தான் சொல்லமுடியும். அங்கே போய் வெள்ளைச்சாமியின் வீடு எது என்றால் தவசிமுத்துவின் வீட்டைக் காட்டவேண்டும். பேச்சில்லாத இந்த இருபத்திரண்டு வருடமும் இரண்டு பத்திரங்களும் பெட்டிக்குள் ஒன்றையொன்று பேர் சொல்லிக்கொண்டே கிடந்திருக்கின்றன.

"சார், எல்லை வாசிக்கிறேன், சரியா பாத்துச் சொல்லுங்க" என்றாள். "வடக்கே இருபதடித் தெரு. மேற்கே ஜெயராணி மனை. தெற்கே வாய்க்கால். கிழக்கே..." தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "கிழக்கே வெள்ளைச்சாமி வீடு."

அவர் கொல்லைப்பக்கம் பார்த்தார், விரல்களைப் பார்த்தார். பிறகு, "எங்க அண்ணன் வெள்ளைச்சாமி வீடுன்னு எழுதுங்க மேடம்" என்றார்.

"நான் எழுதுற அறிக்கை சார் இது. உரிமையாளரோட அண்ணன்னுதான் எழுதமுடியும்."

"எப்படியோ எழுதுங்க. அண்ணன்னு இருக்கணும்."

படிவத்தில் அதற்கு விட்டிருந்த இடம் ஒரு பேருக்கு மட்டுமே போதும். அவள் எழுத்தைச் சின்னதாக்கி அதற்குள்ளேயே எழுதினாள்.